ஆய்வு நாளில் நான் ஒளித்து வைத்த மாணவி

என்னைப் பேச அழைத்த தம்பி, "உங்க சர்வீஸ்ல பெருமையா நினைக்கிறதைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். பெருமையை எல்லாம் ஓய்வு பெற்ற அன்றே பொன்னாடை போர்த்திப் பேசி முடித்துவிட்டார்கள். அதையே இன்னொரு முறை பேச எனக்கே சலிப்பாக இருக்கிறது. நான் வெட்கப்படுகிற ஒன்றைச் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்தப் போகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு என் பெருமையை விட இது உதவும்.

ஆட்டிசம் என்ற அந்தச் சொல் எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. எண்பதுகளில் நான் ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. சுற்றிலும் தொழிற்பேட்டை. லைன் வீடுகளில் இருந்து வரும் பிள்ளைகளில் ஒருத்தன் வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் கன்னடம், சேலத்தில் இருந்து வந்தவனுக்கு ஒரு தமிழ், திருநெல்வேலியில் இருந்து வந்தவனுக்கு வேறு தமிழ். எல்லோரையும் மேய்த்துக் கட்டுகிறவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனத்தில்தான் ரேணுகாவைச் சேர்த்துக்கொண்டேன்.

அவளுடைய அம்மா முனியம்மா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். அப்பா ராயக்கோட்டை மண்டியில் இருந்து தக்காளி ஏற்றிப் போகும் லாரியில் லோடு ஆள். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். முனியம்மா ஏற்கெனவே மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கியிருந்தாள். "இது பேசாது, கேட்டதுக்குப் பதில் சொல்லாது, நமக்கு ஆகாது" என்று எல்லா இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். தலைமை ஆசிரியரும் அதையேதான் சொல்ல இருந்தார். நான் நடுவில் புகுந்து, என் வகுப்பில் இருக்கட்டும் சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முனியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே ஒழிய, எப்படிப் பார்ப்பது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ரேணுகா முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். அது மரியாதைக் குறைவு என்று நினைத்து, அவள் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "டீச்சரைப் பாரு" என்பேன். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். அப்புறம் ஒரு நாள் கை ஓய்ந்துபோய் விட்டுவிட்டுப் பாடத்தை நடத்தினேன். அன்றைக்குத்தான் அவள் கரும்பலகையில் இருந்ததை முழுவதும் எழுதியிருந்தாள். பார்க்காமல் இருந்தால்தான் அவளால் கேட்க முடிகிறது என்று எனக்குப் புரியவே அத்தனை நாள் ஆயிற்று. அதுவரை அவள் தாடையில் என் விரல் பதிந்ததுதான் மிச்சம்.

கம்பெனியில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். சேட்டை என்று நினைத்து இரண்டு தடவை அடித்திருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்காரும் கலைச்செல்விதான், சங்கு நேரம் நெருங்கினால் அவள் தோளில் கை வைத்து "இப்ப ஊதும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்படிச் சொன்னால் ரேணுகா காதை மட்டும் பொத்திக்கொண்டு இடத்திலேயே இருந்தாள். நான் கலைச்செல்வியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதை என் யோசனை மாதிரி தலைமை ஆசிரியரிடம் சொன்னேன்.

இன்னொன்றும் இருந்தது. அவள் தானாக ஒன்றும் பேச மாட்டாள். ஆனால் மற்றவர்கள் சொன்னதை, சொன்னவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்வாள். நான் காலையில் திட்டியது மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் என் குரலில் வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது அவள் பேசும் முறை என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கல்வி அதிகாரி வந்து பார்க்கும் ஆண்டாய்வு என்றால் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடமே கல்யாண வீடாகிவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்போம். வாசலில் இருந்து கொடிக்கம்பம் வரை இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவோம். கலர் பேப்பர் தோரணம் கட்டுவோம். பீரோவில் பூட்டி வைத்திருந்த படங்கள் அன்று மட்டும் சுவருக்கு வரும். பிள்ளைகளுக்குக் கை தூக்கும் பயிற்சி தனி. பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. அதிகாரி கண்ணுக்கு வகுப்பே கை தூக்கியிருக்கும். எங்களுக்கு மட்டும் யாரை எழுப்ப வேண்டும் என்று தெரியும். சிரிக்காதீர்கள், உங்களில் சிலர் இன்னும் அதைச் செய்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

எந்தக் கையையும் தூக்கத் தெரியாத பிள்ளைகளிடம், "நாளைக்கு நீ வீட்ல இரு" என்று முதல் நாளே சொல்லி அனுப்புவோம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. தலைமை ஆசிரியர் சொல்வார், நாங்கள் செய்வோம். பிள்ளைகளுக்கும் லீவு விட்ட சந்தோஷம்தான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். எனக்கு முன்பு அந்த வகுப்பை எடுத்த ஆசிரியர் ஒருவர் ஆய்வில் மாட்டி, அஞ்செட்டி மலைப் பக்கம் தூக்கி அடிக்கப்பட்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, கைக்குழந்தை வேறு. அந்தப் பயம் எனக்கு இருந்தது.

அந்த வருடம் முனியம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு நாள் ரேணுகாவை அனுப்ப வேண்டாம் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் அவளுக்கு முதல் ஷிப்ட், வீட்டுக்காரர் லாரியோடு போயிருந்தார். அவள் விடியற்காலையில் கம்பெனிக்குப் போய்விட்டாள். ரேணுகாவுக்கோ பள்ளிக்கூட நாள் என்றால் பள்ளிக்கூட நாள். தானே சீருடை மாட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைமை ஆசிரியர் வராந்தாவில் இருந்தபடியே என்னையும் அவளையும் முறைத்துப் பார்த்தார். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் சாமான் அறையில் உட்கார வைத்தேன். மடியில் சிலேட்டைக் கொடுத்தேன். "ஆபீசர் போற வரைக்கும் சத்தமே வரக் கூடாது. வாயைப் பொத்திக்க" என்று அவள் கையை எடுத்து அவள் வாயிலேயே வைத்துக் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, வகுப்பில் சிரித்த முகத்தோடு நின்றேன்.

என் புத்தியை என்ன சொல்வது? ஆய்வுக்கு வருகிறவர் சத்துணவு இருப்பைப் பார்க்காமல் போவாரா? வகுப்பு நல்லபடியாக முடிந்தது, எல்லாக் கையும் தூக்கியாயிற்று. அதிகாரிக்கு ரொம்பத் திருப்தி. அப்புறம், "அரிசி எப்படி இருக்கு, பாத்துடலாம்" என்று நேராகச் சாமான் அறைக்கு நடந்தார். தலைமை ஆசிரியரும் நானும் பின்னால் ஓடினோம். சத்துணவு ஆயா கதவைத் திறந்தாள்.

மூட்டைகளுக்கு நடுவில் ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி குனிந்து, "என்ன பாப்பா, இங்க என்ன பண்ற?" என்றார். அவள் கையை எடுத்தாள். அப்படியே என் குரலில், என் அதட்டலில், "ஆபீசர் போற வரைக்கும் சத்தமே வரக் கூடாது" என்றாள்.

அதிகாரி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "யாரு இந்தப் பொண்ணு?"

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். திட்டு விழுந்திருக்கும். அதிகம் போனால் அஞ்செட்டி. அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் அப்போது என் வாயில் வந்தது வேறு. "நம்ம பள்ளிப் பொண்ணு இல்லைங்க ஐயா. ஆயா கூட வந்திருக்கும்" என்றேன்.

அதிகாரி ஆயாவைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டுச் சாமான் இருக்கும் இடத்தில் கண்ட பிள்ளைகளையும் கொண்டு வந்து விடுவாயா என்று அவர் திட்ட, ஆயா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். ரேணுகா அணிந்திருந்தது எங்கள் பள்ளிச் சீருடை. அதிகாரி அதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பொய் சொன்னால் அதோடு முடிவதில்லை. அதை நிஜமாக்க வேண்டியிருக்கிறது. அதிகாரி திரும்ப வந்து பார்த்தால் என்ன செய்வது, கொஞ்ச நாள் அந்தப் பெண் வராமல் இருக்கட்டும் என்றார் தலைமை ஆசிரியர். நான் மறுக்கவில்லை. முனியம்மாவிடம் அதைச் சொல்லும் வேலையும் என்னுடையதாயிற்று. பெரியவர் சொல்கிறார், நான் என்ன செய்யட்டும் என்று அவர் தலையில் போட்டுவிட்டு வந்தேன்.

ரேணுகாவுக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது? தினமும் சீருடையோடு வந்து வெளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போவேன். சில நாள் கழித்து அவள் வரவில்லை. நின்றுவிட்டாள், தொல்லை விட்டது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு நாள் கலைச்செல்வி வந்து, "டீச்சர், ரேணுகா வீட்டுக்குள்ள இருந்துகினே பிரேயர் பாடுது. நம்ம பெல் அடிச்சா அதுவும் பாடுது" என்றாள். அவர்கள் இருவர் வீடும் ஒரே லைனில். அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் போனேன். கதவில் வெளிப்பூட்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரேணுகா நின்றாள், சீருடையில். முனியம்மா வேலைக்குப் போனால் வேறு வழியில்லாமல் பூட்டிவிட்டுப் போகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். முந்தின வாரம் ரோட்டுக்கு ஓடி, பெங்களூர் பஸ் ஒன்றில் அடிபட இருந்தாளாம்.

முனியம்மா வரும் வரை வாசலிலேயே நின்றேன். அவள் வந்து பூட்டைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான், ரேணுகாவைத் திரும்ப அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். தலைமை ஆசிரியர் அப்படிச் சொல்லிவிட்டதால்தான் என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

"வேணாங்க டீச்சர், அவரை எதுக்கு இழுக்குறீங்க" என்றாள். "ஆயா எங்க லைன்லதான் குடியிருக்குது. எல்லாம் சொல்லிச்சு."

அவள் பையில் இருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்தாள்.

"மூணு பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டோம்னாங்க. அது பரவால்லைங்க, மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. சேத்துக்கினு அப்புறம் எங்க பள்ளிப் புள்ள இல்லைன்னது நீங்க ஒருத்தர்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டே சொன்னாள். நான் அழுதேன். என் அழுகையைப் பார்த்து ரேணுகா காதைப் பொத்திக்கொண்டாள், அதனால் அதையும் நிறுத்த வேண்டியிருந்தது. தப்புதான், இனி நடக்காது என்றேன்.

"ஆபீசருங்க வருசா வருசம் வருவாங்க இல்ல டீச்சர்?" என்று கேட்டாள். "அடுத்த வருசம் வந்தா என்னா சொல்லுவீங்க?"

என் வகுப்புப் பிள்ளை என்று சொல்வேன் என்றேன். அவள் என்னை நம்பினாள் என்று நினைக்காதீர்கள். பிள்ளையைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போக முடியாது, வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாது. அதனால்தான் அனுப்பினாள்.

தலைமை ஆசிரியரிடம் போய், அவள் வரவில்லை என்றால் நானும் வரவில்லை என்று சத்தம் போட்டேன். இனி என்ன நடந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்று எழுதி வாங்காத குறையாக ஒத்துக்கொண்டார். ஆயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க டீச்சர்" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ரேணுகா வந்தாள். வந்த பிறகுதான் நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்று சொல்லலாம். தாடையைப் பிடிப்பதில்லை. என்ன நடக்கப் போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்வேன். சத்தம் அதிகமானால் அவள் வராந்தாத் தூண் பக்கம் போய் நின்றுவிட்டு வரலாம் என்று வைத்தேன். வாய்க்கணக்கு கேட்காமல் எழுதிக் காட்டச் சொன்னேன். நான்காம் வகுப்பைக் கடந்து ஐந்துக்குப் போனபோது, அவளுக்காகவே நானும் அந்த வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொண்டு விளையாடினார்கள். செய்த பாவத்தைக் கழுவிவிட்டேன் என்றே நினைத்தேன். கொஞ்சம் தலைக்கனம்கூடத் திரும்ப வந்தது.

அடுத்த ஆய்வு வந்தது. இந்தத் தடவை யாரையும் வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. எல்லோரும் வர வேண்டும், தெரியாதவன் கையைத் தூக்கவே வேண்டாம், தெரியவில்லை என்று சொன்னால் போதும் என்று வகுப்பில் சொன்னேன். முனியம்மா வீட்டுக்குப் போய், தலையை வாரிப் பூ வைத்து அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். யார் வந்தால் என்ன, முதல் வரிசையில் ரேணுகாவை உட்கார வைத்து, இவள் என் மாணவி என்று சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அன்று காலையில் பூ வைத்துக்கொண்டுதான் வந்தாள். முதல் வரிசையில்தான் உட்கார்ந்தாள். தோரணம் ஆடிக்கொண்டிருந்தது, சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று இருந்தது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதிவிட்டுத் திரும்பினேன். அவள் இடம் காலியாக இருந்தது.

கலைச்செல்விதான் சொன்னாள். "தோரணத்தைப் பாத்துகினே இருந்துச்சு டீச்சர். ஜீப் வந்ததும் சிலேட்டை எடுத்துகினு அந்த ரூமுக்குப் போயிடுச்சு."

ஓடினேன். சாமான் அறைக் கதவு உள்பக்கமாக இழுத்துச் சாத்தியிருந்தது. திறந்தேன். மூட்டைகளுக்கு நடுவில், மடியில் சிலேட்டோடு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ இருந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் இழுக்கவில்லை. ஆய்வு நாள் என்றால் தன் இடம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வருடம் முழுவதும் நான் கற்றுக் கொடுத்த எதையும் அவள் இவ்வளவு பிசகில்லாமல் செய்ததில்லை.

வா என்றேன், வரவில்லை. கையைப் பிடிக்கப் போனேன், சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இழுத்து வர எனக்கு மனம் வரவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பினார், எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவரே அதிகாரியோடு வந்துவிட்டார்.

அதிகாரி வாசற்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். "இங்க என்னம்மா பண்றீங்க? யாரு இந்தப் பொண்ணு?" என்றார்.

"என் வகுப்புப் பொண்ணுங்க ஐயா. பேரு ரேணுகா."

"வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்களேன். எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கு?"

தலைமை ஆசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைச் சொல்ல விடவில்லை.

"நான் சொல்லிக் கொடுத்ததுங்க ஐயா" என்றேன். "நல்லா கத்துக்கிச்சு."